மற்றப் பக்கத்தையும் கேட்க வேண்டும்

ஒரு ஆளுக்கு மட்டும் சோறு காய்ச்சுவது பெரிய கரைச்சல், யோசெப்பின் மிஸ். அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சினதை அடுத்த நாள் சாப்பிட்டால், அன்றைக்குக் காய்ச்சியது அதற்கு அடுத்த நாளுக்கு மிஞ்சும். அதனால்தான் வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கொத்துரொட்டியும் இடியப்பப் பார்சலுமாகக் காலத்தை ஓட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போன கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இராமலெட்சுமி என் அறையில் ஒளிந்திருந்தது அவளுடைய புருசனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மிச்சத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இன்று உங்கள் மாணவியாக வரவில்லை. வெளியில் உங்கள் கிளார்க்கிடம் பெயரைப் பதிந்துவிட்டுக் கட்சிக்காரியாக வந்திருக்கிறேன். கட்சிக்காரி சொன்னதைச் சட்டத்தரணி வெளியே விடக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தது நீங்கள்தான்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். சட்டமும் இதழியலும் சேர்ந்த பட்டம் என்றால் ஊரில் வாயைப் பிளப்பார்கள். அம்மா கனடாவில் அண்ணா வீட்டில் இருந்துகொண்டு, "எங்கட சுபோதினி ரெண்டு படிப்பும் ஒண்டாப் படிக்கிறாள்" என்று எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறா. இங்கே நடப்பது வேறு. கிழமையின் முதல் பாதி சட்டம், மற்றப் பாதி இதழியல். சட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் பேப்பர்காரி. இதழியல் பிள்ளைகளோ, "லோயர் வாறா, பாத்துக் கதையுங்கோ" என்பார்கள். ஒரு கூட்டம் தேநீர் குடிக்க இறங்கும்போது நான் மற்றக் கூட்டத்தின் வகுப்புக்குப் படியேறிக்கொண்டிருப்பேன். என்னோடு சேர்ந்து தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக ஒரு பாடத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். நான் கெட்டிக்காரி, ஒன்றையும் விடவில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன்.

சில நாட்களில் பின்னேரம் கடைக்குப் போய் அங்கே நிற்கும் பெடியனிடம் பாண் கேட்கும்போது குரல் அடைத்துக்கொண்டு வரும். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுவாக இருக்கும், அதுவும் சிங்களத்தில். அறைக்கு வந்து பாணைச் சாப்பிட்டுவிட்டு ரயில் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை, மிஸ். ஆனால் அம்மா கேட்டால் "சோக்கா இருக்கிறன்" என்பேன்.

கொட்டாஞ்சேனையில் நீங்கள் சனிக்கிழமைகளில் நடத்தும் இலவசச் சட்ட உதவிக்கு இராமலெட்சுமி வந்தபோது, அவள் சொல்வதை எழுதுவதற்கு என்னைத்தான் விட்டீர்கள். பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. புடவைக்கடையில் வேலை. புருசன் புஷ்பராஜ் ஓட்டோ ஓடுகிறார். அவரை அவர் என்று சொல்வதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மரியாதை கொடுத்துத்தான் எழுத வேண்டும் என்று வலன்ரைன் சேர் இதழியல் வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார், பழகிவிட்டது. எங்கெங்கே அடித்தார் என்று இராமலெட்சுமியிடம் கேட்டேன். "எங்க அடிக்கலன்னு கேளுங்கக்கா, சீக்கிரம் எழுதி முடிச்சிறலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு உடனேயே பிடித்துப்போனது.

நீதவான் பாதுகாப்புக் கட்டளை தந்தார். கட்டளையை வைத்துக்கொண்டு நடுவீதியில் படுக்க முடியாது. என் அறைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "இது முறையில்லை, சுபோதினி. ஆனா வேற இடம் கிடைக்கிற வரைக்கும் பாப்பம்" என்றீர்கள். அவள் இருக்கும் இடம் எங்கள் மூவரைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றும் சொன்னீர்கள்.

அதன் பிறகு நான் வகுப்பு முடிந்து வந்து தட்டினால் கதவு உள்ளிருந்து திறக்கும். "வந்துட்டீங்களாக்கா" என்று ஒரு குரல் கேட்கும். ரொட்டி சுட்டுச் சம்பல் இடித்து வைத்திருப்பாள். நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ரெண்டு படிப்புப் படிக்கிறீங்க, ஒரு பிளேன்டீ போடத் தெரியலியே" என்று நக்கலடிப்பாள். நூலகத்தில் உட்கார்ந்து நேரத்தைக் கொல்வதை விட்டேன். காலி வீதியில் பஸ் நெரிசலில் நிற்கும்போதே அவளுக்குச் சொல்லக் கதைகள் சேர்த்துக்கொண்டு வருவேன். நான் சந்தோசமாக இருந்தேன். அப்படி நான் முன்னொருபோதும் இருந்ததில்லை.

முதல் நாட்களில் அவளுக்கு நித்திரையே வராது. படியில் ஆள் நடக்கிற சத்தம் கேட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். விடியும்வரை விடமாட்டாள். பயந்திருக்கும்போதுதான் அவள் எனக்கு மிகவும் கிட்ட இருந்தாள். இதை நான் அப்போதே கவனித்தேன்.

பிறகு பயம் தெளியத் தொடங்கியது. தனியாகக் கடற்கரை வரைக்கும் போய்வந்தாள். பாட்டு முணுமுணுத்தாள். இரவில் கையைப் பிடிக்காமலே நன்றாக நித்திரை கொண்டாள். ஹட்டனில் தங்கச்சி வேலை செய்யும் தையல் நிலையத்தில் இவளுக்கும் இடம் கிடைத்தது. "வெள்ளிக்கெழம போறேன்க்கா" என்று சொன்னபோது முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. நான் வாழ்த்தினேன். கோட்டை ஸ்டேசனுக்குப் போய் ரயில் டிக்கட் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். "லீவுக்கு நம்ம வீட்டுக்கு வாங்கக்கா" என்றாள். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

வலன்ரைன் சேருக்குக் கொடுக்க வேண்டிய இறுதிவருடக் கட்டுரையை, பெயரை மாற்றி அவளைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அவளும் சம்மதித்திருந்தாள். அந்தக் கிழமை சேர் அதைத் திருப்பித் தந்தார். "புருசன்ர பக்கம் எங்க? அந்தாளைக் கேக்காம இதை ஏற்க ஏலாது" என்றார். உங்கள் வகுப்பிலும் இதையேதான் படித்தோம். மற்றப் பக்கத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டு துறைகளும் ஒத்துப்போகிற விடயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஆகவே புதன்கிழமை புஷ்பராஜுக்குப் போன் எடுத்தேன்.

இவ்வளவும் போன கிழமையே சொல்லிவிட்டேன். கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ரயில் போனது, அந்தச் சத்தத்தை வைத்து அவர் இடத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். கோட்டையிலிருந்து கல்கிசை தாண்டியும் அந்த ரயில் சத்தம் கேட்கும், மிஸ். அதை வைத்து ஒரு அறையைப் பிடிக்க ஏலாது என்று உங்களுக்கு விளங்காமல் இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் அவர் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். வழமைபோல் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தேன். நான் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன் என்று நினைத்து இராமலெட்சுமி கதவைத் திறந்திருக்கிறாள். அவர் அவளை வெளியே இழுத்துவந்து படியில் தள்ளிவிட்டார். எங்கள் கட்டடத்தின் படி எவ்வளவு செங்குத்து என்பது உங்களுக்குத் தெரியும். முள்ளந்தண்டு உடைந்துவிட்டது. தலையிலும் அடி. இனி நடக்கமாட்டாள் என்று டொக்டர் சொன்னபோது நான் அழுதேன். அது நடிப்பில்லை.

குற்றவியல் சட்டத்தில் நோக்கம் வேறு, விளைவு வேறு என்று படித்தோம். என் நோக்கம் சின்னது. அவர் வந்து கத்துவார், இரண்டு அடி அடிப்பார், பக்கத்து வீட்டார் பொலிஸைக் கூப்பிடுவார்கள், கட்டளையை மீறியதற்கு அவரை உள்ளே போடுவார்கள். அவளுக்கும் அது நல்லதுதான். பயத்தில் ஹட்டன் பயணத்தைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடுவாள். பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். இதில் யாருக்கும் பெரிய நட்டம் வராது என்று நினைத்தேன். படியை மட்டும் நான் யோசிக்கவில்லை.

இப்போது அவர் விளக்கமறியலில் இருக்கிறார். யாரோ ஒரு பொம்பளை போனில் சொன்னாள் என்று அவர் சொல்வதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. இராமலெட்சுமி என்னோடு இருக்கிறாள். தங்கச்சி ஹட்டனிலிருந்து வந்து, பார்த்து, அழுதுவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான்தான் ஊட்டுகிறேன், கழுவுகிறேன், தலை வாருகிறேன். மற்றச் சொற்கள் அவளுக்குக் குழறும். "அக்கா" என்பது மட்டும் தெளிவாக வரும். படியில் சத்தம் கேட்டால் கையைத் தேடுவாள். நான் பக்கத்தில் இருப்பேன்.

நேசம் சிஸ்டர் நடத்தும் பராமரிப்பு இல்லத்துக்கு அவளை மாற்ற நீங்கள் ஒழுங்கு செய்வதாகக் கேள்விப்பட்டேன். பத்துப் பேர் படுத்திருக்கும் மண்டபம் அது. அங்கே யார் அவளுடைய கையைப் பிடிக்கப்போகிறார்கள்? அந்தக் கடதாசிகளை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். அவளைத் தக்கவைக்க என்னைப்போல இவ்வளவு தூரம் போகக்கூடிய ஒரு ஆள் இந்த உலகத்தில் அவளுக்கு வேறு இல்லை. அது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தப் போனையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. "உங்கட மனிசியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுறன். உங்கட பக்கத்தையும் கேக்கவேணும்" என்றேன். தூசணத்தில் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "யாரும் என்னையக் கேக்கலைங்க. கேளுங்க, எல்லாத்தையும் சொல்றேன்" என்றார். அழுகிற குரலாக இருந்தது.

கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. விலாசத்தைச் சொன்னேன். விளங்கியதா என்று பார்க்க, திருப்பிச் சொல்லச் சொன்னேன். வீதியையும் ஒழுங்கையையும் சரியாகச் சொன்னார். ஆனால் இரண்டாம் மாடி என்றார். மூன்றாம் மாடி என்று திருத்தினேன்.