பிச்சையாவுக்கு நான் சொல்லாத துட்டி

ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, நாற்காலி கொள்ளாத நல்ல மனத்தோடு நடுவில் வீற்றிருக்கும் சங்கரன்கோவில் வட்டார ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத் தலைவர், என் பெருமதிப்புக்குரிய மகாராஜன் அண்ணாச்சி அவர்களே, கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடையநல்லூரிலிருந்து எனக்காகப் பேருந்து ஏறி வந்திருக்கும் வழக்கறிஞர் நஸ்ரின் பானு அவர்களே, புளியங்குடி எலுமிச்சைச் சந்தையின் புகழ்பெற்ற வியாபாரி, முன்வரிசையில் உயிரோடும் உடல்நலத்தோடும் உட்கார்ந்திருக்கும் பிச்சையா அண்ணாச்சி அவர்களே, கம்பம் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டும் என் தொழில் தோழர்களே, தறியை நிறுத்திவிட்டுத் தேரடிக்கு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, உங்கள் அத்தனை பேருடைய பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பிச்சையா அண்ணாச்சியை "உயிரோடு" என்று சொன்னதும் அங்கே ஒரு சிரிப்பு எழுகிறது. சிரிப்பவர்களுக்குக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

என் பெயர் வேல்விழி. முகத்தைப் பார்த்தால் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. வாயைத் திறந்தால் தெரியாதவர் இல்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில், "பச்சைச் சட்டை போட்ட குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று அழைத்தவள் நான். நாளைக்கு மின்தடை, மாவை இன்றைக்கே ஆட்டி வையுங்கள் என்று எச்சரித்தவள் நான். ஜவுளிக்கடைத் தள்ளுபடியை ஆட்டோவில் தெருத்தெருவாகக் கொண்டுவந்தவளும் நான்தான். அதனால் உங்கள் வீடுகளில் சண்டை வந்திருந்தால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பு, நான் இல்லை. இத்தனை காலமும் பிறர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இன்றுதான் எனக்காகப் பேசுகிறேன். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடியையும் மின்தடையையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் துட்டி சொல்வது அப்படியா? சாவுச் செய்தியை நம் பக்கத்தில் துட்டி என்போம். துட்டி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. நான் முதலில் ஊரைச் சொல்வேன், தெருவைச் சொல்வேன். அப்புறம் வீட்டு அடையாளம், அப்புறம் இன்னார் மகன், இன்னாருக்கு மாமனார் என்று உறவு. பெயர் கடைசியில்தான் வரும். ஏன் தெரியுமா? அடுப்படியில் நிற்கிற ஒரு பெண்ணின் காதில் எடுத்த எடுப்பிலேயே அவள் அண்ணன் பெயர் விழுந்தால் அவள் என்ன ஆவாள்? தெருவைக் கேட்டதும் மனம் திடுக்கிடும், உறவைக் கேட்டதும் கை எதையாவது பிடித்துக்கொள்ளும். பெயர் வரும்போது அவள் உட்கார்ந்திருப்பாள். அதற்குத்தான் அந்த முறை. ஒரே சாமி பெயரைத் தெருவுக்கு நாலு பேருக்கு வைக்கிற ஊர் நம் ஊர். பெயரை மட்டும் சொன்னால் எந்த வீட்டுக்கு மாலை வாங்குவது? அதனால் துட்டி வீட்டாரிடம் நானே பேசி விசாரிக்காமல் ஒருநாளும் ஒலிவாங்கி முன் வாய் திறந்ததில்லை.

இப்போது நம் தலைவரிடம் வருகிறேன். அண்ணாச்சி, தலையைக் குனிய வேண்டாம், உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை.

அண்ணாச்சியின் ஒலிபெருக்கிக் கடையில் என் பழைய பதிவுகள் நிறைய உண்டு. என் வீடு தறித்தெருவில் இருக்கிறது. எதைப் பதிவு செய்தாலும் பின்னால் விசைத்தறி தடதடவென்று தாளம் போடும். அந்த இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்று செல்போனில் ஒரு செயலி வந்தது. இலவசம் என்றது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு நாம் எப்போதாவது யோசித்திருக்கிறோமா? அண்ணாச்சி என் பதிவுகளை எல்லாம் ஏற்றினார். அது பக்கம் பக்கமாக ஏதோ எழுதிக் காட்டி, கீழே சம்மதம் என்று ஒரு பொத்தான் வைத்தது. அண்ணாச்சி அமுக்கினார். கோமதியம்மன் சன்னதியில் திருநீறு வாங்கக்கூட அவர் கை அவ்வளவு வேகமாக நீண்டதில்லை.

ஆமாம், அங்கே ஓர் அக்கா "நானும் அப்படித்தான் அமுக்குவேன்" என்கிறார். நானும் அப்படித்தான் அக்கா. இந்தத் திடலில் அதை முழுக்கப் படித்துவிட்டு அமுக்கியவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். வக்கீலம்மா, நீங்களுமா தூக்கவில்லை? மிக்க மகிழ்ச்சி.

இரைச்சல் போனது. கூடவே என் குரலும் போனது. என் குரலைக் கற்றுக்கொண்ட அந்தச் செயலி, "பெண் குரல், தென்மாவட்டம்" என்று ஒரு பெயர் சூட்டி அதை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் என் குரல் பேசும். அதற்கு நாவறண்டு போகாது. துட்டி வீட்டாரிடம் அது ஒரு வார்த்தை விசாரிக்கவும் செய்யாது.

புளியங்குடியில் பிச்சையா என்ற பெரியவர் ஒருவர் காலமானார். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் அவசரத்தில், "பிச்சையா இறந்துவிட்டார், எலுமிச்சை வியாபாரம் செய்தவர், புளியங்குடி" என்று செயலியில் எழுதிச் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆட்டோவில் ஓடவிட்டார். இறந்தவரும் ஒரு காலத்தில் எலுமிச்சை விற்றவர்தானாம். அந்த ஊரில் எலுமிச்சை விற்காதவர் யார்? ஆட்டோ போன வழியில் ஒருவர் அதைச் செல்போனில் பிடித்து உறவுக்காரர் குழுவில் போட்டார். அது திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த முருகம்மாள் அக்காவின் காதில் போய் விழுந்தது. முருகம்மாள் யார்? இதோ இருக்கும் பிச்சையா அண்ணாச்சியின் உடன்பிறந்த அக்கா.

மடியில் கட்டிய பருத்தியோடு அப்படியே ஓடி வந்து பேருந்தில் ஏறினார். வழியெல்லாம் அழுதார். நம் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கி மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்து ஏறினார். புளியங்குடியில் இறங்கிச் சந்தை வழியாகத் தம்பி வீட்டுக்கு நடந்தார். அங்கே, எலுமிச்சைக் குவியலுக்கு நடுவே, விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார் தம்பி. அக்கா கையில் மாலையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஏக்கா, யாருக்குத் துட்டி?"

"ஒனக்குத்தாம்ல."

"எனக்கா? எனக்கே இப்பந்தான தெரியுது."

சிரியுங்கள் மக்கா, நன்றாகச் சிரியுங்கள். இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு அந்த அக்கா சந்தை நடுவே தம்பியைக் கட்டிக்கொண்டு மயங்கி விழுந்தார். தெளிந்து எழுந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏட்டி வேல்விழி, வேற எவன் சொல்லியிருந்தாலும் போன் போட்டுக் கேட்டிருப்பேன். நீ சொன்னதுனாலதான நம்புனேன். நீ சொன்னா சரியாத்தான இருக்கும்னு ஓடியாந்தேன். ஒனக்கு என்னட்டி பாவம் பண்ணுனோம்?"

நான் சொல்லவில்லை அக்கா என்றேன். "ஒன் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அது என் சத்தம்தானே. நான் சொல்லாததை என் சத்தம் சொல்லியிருக்கிறது. இந்த அநியாயத்தை எந்தக் காவல் நிலையத்தில் போய் எழுதிக் கொடுப்பேன்?

அதன்பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும், "இது நெசந்தானா, இல்ல பிச்சையாவுக்குச் சொன்ன மாதிரியா?" என்று கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை, தாய்மார்களே. என் சொல் போனது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே நானே செல்போனில் என் முகத்தைக் காட்டி, அந்தத் துட்டியைச் சொன்னது நான் இல்லை என்று ஒரு காணொளி போட்டேன். மறுநாள் அதைக் காணோம். ஏன் நீக்கினீர்கள் என்று அந்தக் காணொளித் தளத்தாரிடம் கேட்டேன். வந்த பதிலைக் கேளுங்கள். அந்தக் காணொளியில் உள்ள குரலின் உரிமை இன்னொரு நிறுவனத்தினுடையதாம், நான் அனுமதியின்றிப் பயன்படுத்திவிட்டேனாம். என் தொண்டையில் என் குரல் இருந்தது திருட்டாம். இதற்கு மேல் ஒரு வேடிக்கை உண்டா? இதற்கு மேல் ஒரு வேதனைதான் உண்டா?

அழுதுகொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும்தான் அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். மறைக்கவில்லை. "நான் அமுக்குன பொத்தான்மா. நானே வாரேன்" என்று கடையைப் பூட்டிவிட்டு என்னைக் கடையநல்லூருக்கு அழைத்துப்போனார். அந்த ஒரு வார்த்தைக்காக, அண்ணாச்சி, உங்களுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்.

நஸ்ரின் பானு அவர்கள் எல்லாவற்றையும் கேட்டார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், குழந்தைக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். "அக்கா, பாட்டுக்கும் படத்துக்கும் உரிமை யாருக்குன்னு சட்டம் நெறையப் பேசுது. வெறுங்குரலைப் பத்திக் கொஞ்சந்தான் பேசுது. அதுக்காக நாம பேசாம இருக்கணுமா என்ன?" என்றார். நோட்டீஸ் அனுப்பினார். நிறுவனம் பதில் போட்டது. பேசியது வேல்விழி இல்லை என்பதற்கு யார் சாட்சி என்று அதில் கேட்டது.

சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? முருகம்மாள் அக்கா. வக்கீலம்மா அந்தத் துட்டியை அவர் முன்னால் மறுபடி ஓடவிட்டார். அழுகையில்லாமல் முதன்முறையாகக் கேட்ட அக்கா, பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது அவ இல்ல. சத்தம் அவளுது, சொல்லுதது அவ இல்ல. எடுத்த ஒடனே பேரைச் சொல்லுது பாருங்க. அவ அப்படிச் சொல்ல மாட்டா. நம்மள உக்கார வச்சிட்டுத்தான் பேரைச் சொல்லுவா."

பெரியோர்களே, எனக்கு எந்த அரசும் விருது தந்ததில்லை. இனித் தந்தாலும் அது அந்த வார்த்தைக்குக் கீழேதான்.

அப்புறம் நடந்ததை ஊரே அறியும். பிச்சையா அண்ணாச்சி அதே ஆட்டோவில் ஏறி, தன் கையில் ஒலிவாங்கியைப் பிடித்து, புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரை முழங்கினாரே. "எலுமிச்சை ஏவாரி பிச்சையா பேசுதேன். நான் சாகல. இப்பம் சாகுததுக்கு எனக்கு நேரமும் இல்ல, ஏவாரம் கெடக்கு. என்னைக் கொன்னது வேல்விழி இல்ல, அவ சத்தத்தைக் கேக்காம எடுத்த மிசினு." தனக்குத்தானே உயிர்ச் செய்தி சொன்ன ஒரே மனிதர் நம் வட்டாரத்தில் அவர்தான். ஒலிபெருக்கித் தோழர்களோ, சும்மா கிடைக்கிற அந்தக் குரலை இனித் தொடமாட்டோம் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். இலவசத்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்? வக்கீலம்மாவின் நோட்டீசும் முருகம்மாள் அக்காவின் சாட்சியும் ஊரின் எதிர்ப்பும் சேர்ந்ததும், அந்த நிறுவனம் என் குரலைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டது. இரண்டு வரியில் கடிதம் போட்டது. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் அதில் இல்லை. அந்தச் சொல்லை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலும்.

நான் கருவியைப் பழிக்க வரவில்லை. இந்த ஒலிவாங்கியும் கருவிதான், இதுதான் என்னை வாழ வைத்தது. பாலைவனத்தில் பாடுபடும் கணவனின் முகத்தைக் கடையநல்லூர் வீட்டுக்குள் கொண்டுவருவது கருவிதான். கருவி வரட்டும், வளரட்டும், வாசல்தோறும் வாழட்டும். ஆனால் கேட்டுவிட்டு எடுக்கட்டும். பக்கத்து வீட்டு முருங்கைக்காயைப் பறிக்கவே ஒரு வார்த்தை கேட்கிறோமே, ஒருத்தியின் குரலை எடுக்கக் கேட்க வேண்டாமா? உங்கள் பிள்ளையின் முகத்தை, உங்கள் பாட்டை, உங்கள் பேச்சை எடுக்கிறவர்கள் உங்களைக் கேட்க வேண்டாமா? அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றால் நாம் கேட்போம். எதற்கு என்று கேட்போம். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்போம். கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்வோம், பிடிக்காவிட்டால் மாட்டேன் என்போம்.

இன்றைக்கு இந்த மேடைக்கு முருகம்மாள் அக்கா வரவில்லை. போன வாரம் அவர் கணவர் காலமாகிவிட்டார். சிலருக்கு இப்போதுதான் தெரிகிறது, முகங்களைப் பார்த்தால் தெரிகிறது. அன்று காலையில் அக்கா என்னைத்தான் அழைத்தார்.

"வேல்விழி, இவுக போயிட்டாவ. எழுதிக் குடுத்து எதுலயும் ஓட்டச் சொல்லல. நீ வந்து ஒன் வாயால சொல்லு. நீ சொன்னா நம்ம சனம் மறுகேள்வி கேக்காது."

நான் விசாரிக்கத் தொடங்கும் முன்பே அக்காவே தெருவைச் சொன்னார், வீட்டைச் சொன்னார், உறவுகளைச் சொன்னார். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவர் அவர். அந்த இடத்தில் நிறுத்தினார். "அதை நீ சொல்லிரு தாயி" என்றார். என் குரலால் ஏமாந்த பெண், தன் வாழ்வின் ஆகப்பெரிய துக்கத்தை என் குரலிடமே ஒப்படைத்தார். கரிசல் காட்டு ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் நின்று அவர் பெயரை நான் சொன்னேன். யாரும் உண்மையா என்று கேட்கவில்லை. எழுந்தார்கள், மாலை வாங்கினார்கள், வந்தார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத்துக்கு நன்றி. வழக்கறிஞருக்கு நன்றி. உயிரோடிருந்து உதவிய பிச்சையா அண்ணாச்சிக்கு நன்றி. என்னை நம்ப மறுத்து, மறுபடி நம்பிய என் மக்களுக்குத் தலை வணங்கி நன்றி. துட்டி வீட்டில் இருந்தபடி அக்கா இதைச் செல்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பிச்சையா அண்ணாச்சி தன் போனைத் தூக்கிக் காட்டுகிறார்.

அக்கா, பேசுவது வேல்விழிதான். வணக்கம்.