செர்ரி மரத்தில் முடித்தது

போர்பன் விஸ்கியை முகரும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுவதுபோல் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். நெடி மண்டைக்கு ஏறியதும் இருமுகிறார்கள். நீங்கள் குடிப்பதில்லை என்று சொன்னீர்கள், ஐயா. இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தரும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுவுக்கு மதிப்பெண் போடுகிறவன். நான் போடும் எண் அட்டைப்பெட்டியில் அச்சாகும். அதன் கீழே என்னுடைய ஒரு வாக்கியமும் கையெழுத்தும் இருக்கும். என் வாக்கியத்தைப் படித்துவிட்டுக் குடிப்பவர்களுக்கு வாக்கியம்தான் ருசிக்கிறது என்று ஒரு ஹோட்டல் முதலாளி சொன்னார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

என் மூக்கைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தில், நான் எண்பத்தெட்டு போட்ட ஒன்றுக்கு ஓர் இளம் விமர்சகர் எழுபது போட்டார். கழிவறையில் அவரிடம் அதைப் பற்றிப் பேசினேன். பேச்சு நீண்டதில் அவருக்கு முன்பற்கள் இரண்டு போயின. அவர் தள்ளியதில் நான் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் பின்மண்டை மோத விழுந்தேன். எழுந்தபோது மூக்கு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் "சுத்தமா போயிடுச்சு" என்றார். மருத்துவர்களுக்கு மொழி போதாது.

அதற்குப் பிறகு எனக்குச் சரிபார்ப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தச்சர். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். குடிக்கமாட்டான்; குடித்தால் உளி கையில் நிற்காது என்பான். ஆனால் அவன் மூக்கு அசாதாரணமானது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மரச்சீவலைக் கொடுத்தால், என்ன மரம், எத்தனை மழை பார்த்தது என்பதுவரை சொல்வான். நான் கிளாஸை நீட்டுவேன். அவன் முகர்ந்து ஏதாவது சொல்வான். அதை நான் எழுத்தாக்குவேன்.

"நாய் நனைஞ்ச மாதிரி இருக்கு மாமா" என்பான். நான் 'மழைக்குப் பின் வாசலில் காத்திருக்கும் விசுவாசம்' என்று எழுதுவேன். "சர்க்கரை அடிப்பிடிச்சிருச்சு" என்பான். நான் 'கருகலின் விளிம்பில் தயங்கி நிற்கும் இனிமை' என்று எழுதுவேன். படித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒருமுறை அந்தச் சிரிப்பு எல்லை மீறியதால் கிளாஸை அவன் காதோரம் உடைக்க வேண்டியிருந்தது. நான்கு தையல். அக்காவிடம், இழைப்புளி வழுக்கிவிட்டது என்று சொன்னான். நல்ல குணம் உள்ளவன். அதை நான் மறுக்கவே இல்லை.

இப்போது இந்த போர்பனுக்கு வருகிறேன். மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சி, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடப்பதுதான் போர்பன். அதை எடுத்து வேறொரு மரத்தின் பீப்பாயில் சில மாதங்கள் போட்டு வைத்தால், மரத்தில் முடித்தது என்போம். இந்த நிறுவனம் நூறு வயதான செர்ரி மரத்தில் முடித்ததாக அறிவித்தது. அறுநூறு பாட்டில்கள் மட்டுமே. அச்சுக்குப் போக வேண்டும், மதிப்பெண் உடனே வேண்டும் என்று மேலாளர் தொலைபேசியில் நச்சரித்தார். மச்சான் அப்போது வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் ஆகும் என்றான்.

நானே முகர்ந்தேன். நானே சுவைத்தேன். நாக்கில் சூடு தெரிந்தது. நிறத்தில் ஒரு கண்ணியம் இருந்தது. தொண்ணூற்றேழு போட்டேன். 'பழத்தோட்டத்தின் கடைசி வாரிசு எழுதிய உயில்' என்று எழுதினேன். ஆறு ஆண்டுகளில் முழுக்க என்னுடையதாக வந்த முதல் மதிப்பெண் அது. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

நிறுவனம் மகிழ்ந்துபோய், முடிப்புக்குப் பயன்படுத்திய பீப்பாய்களில் ஒன்றையே எனக்கு அனுப்பிவைத்தது. வெள்ளிக்கிழமை காலை என் சுவை அறையில் பதினோரு பேர் கூடிச் சுவைப்பதாக ஏற்பாடு. அந்தப் பீப்பாயை நிறுத்தி, மேல் மூடியை அறுத்து, அகலமான பலகை ஒன்றைப் பொருத்தினால் அழகான மேசையாகிவிடும். செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பிய மச்சானிடம் சொன்னேன். பதினொரு மணிக்குக் கருவிப்பையும் இழைத்த பலகையுமாக வந்தான்.

மூடியை அறுத்து எடுத்ததும் குனிந்து உள்ளே பார்த்தான். கையை விட்டு, காலுறைபோல் நீண்ட ஒரு துணிப்பையை இழுத்து எடுத்தான். அதை அடைப்புத் துளை வழியாக உள்ளே இறக்கிவிட்டு, வெளியே எடுக்க மறந்திருக்கிறார்கள். பையைக் கிழித்து மரத்தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தான்.

"மாமா, பீப்பா வெறும் ஓக்குதான். செர்ரி எல்லாம் ஒண்ணும் இல்ல. இந்தத் தூளைப் போட்டு ஊற வச்சிருக்கான்."

"அது செர்ரித் தூளாக இருக்கும்" என்றேன்.

"செர்ரியா? பழைய கட்டிலு மாமா. உடைச்சு அரைச்சிருக்கான். வார்னிஷ் நெடி கண்ணைக் கரிக்குது, உங்களுக்கு…" என்று சொல்லி நிறுத்தினான். என் மூக்கின் நினைவு அவனுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டியைப் படித்தான். "இது எப்ப போட்டீங்க? நான் இல்லாதப்பவா? நீங்களாவேவா?"

"நானாகத்தான்."

அவன் சிரித்தான். சத்தமாக ஒன்றும் சிரிக்கவில்லை. பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "உயில் எழுதுன வாரிசு கட்டில்லயே செத்துட்டாரு போல" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவன் முகம் மாறியது. அந்த இரக்கத்தை நான் எந்த முகத்திலும் பார்க்க விரும்பியதில்லை.

"விடுங்க மாமா. ஆனா வார்னிஷ் வயித்துக்குள்ள போகக்கூடாது. யாருக்காச்சும் ஏதாவது ஆயிடும். வெள்ளிக்கிழமை நானே அவங்ககிட்ட சொல்லிடறேன். உங்க மூக்கு விஷயத்தையும் சொல்லிடலாம் மாமா, எத்தனை நாளைக்குத்தான் மூடி மறைப்பீங்க? ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அடியில் ஒட்டியிருந்த மிச்சத் தூளைச் சுரண்டி எடுக்க, தலையையும் தோள்களையும் பீப்பாய்க்குள் விட்டான். உள்ளிருந்தபடியே ஏதோ சொன்னான்; குரல் எதிரொலித்தது. அவனுடைய கொட்டாப்புளி, தச்சர்கள் உளியைத் தட்டும் அந்த மரச்சுத்தி, பையின்மேல் கிடந்தது.

எந்த நல்ல போர்பனுக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. நுழைவு, நடு, முடிவு. முதல் அடி பிடரியில் விழுந்தது. அதில் வியப்புதான் அதிகம். அவன் "மாமா" என்றான், கூப்பிடும் குரலில். இரண்டாவதில் ஓர் ஆழம் இருந்தது. எலும்பு உள்வாங்குவது கைப்பிடி வழியாகத் தெரிந்தது. மூன்றாவதற்குப் பிறகு கால்கள் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. நல்ல முடிவு என்பது நீளமானது, அவசரப்படாதது. ஆகவே நான்காவது, ஐந்தாவது, ஆறாவது அடிகளையும் நிதானமாகப் போட்டேன். ரத்தம் பெரும்பாலும் பீப்பாய்க்குள்ளேயே விழுந்தது. தச்சன் எந்த வேலையிலும் தரையை அழுக்காக்கமாட்டான்.

கால்களையும் உள்ளே கொண்டுவருவதுதான் சிரமமாக இருந்தது. அவன் என்னைவிட உயரம். முழங்கால் இரண்டையும் அதே சுத்தியால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிறகு அவன் இழைத்து வைத்திருந்த பலகையை மேலே வைத்து ஆணி அடித்தேன். அளவு நூல் பிசகாமல் இருந்தது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

"தம்பி சாப்பிட வரலையா?" என்று மனைவி கேட்டாள்.

"வெளியூரில் அவசர வேலை என்று போய்விட்டான்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? வரட்டும், காதைத் திருகறேன்."

புதனும் வியாழனும் அந்த அறையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டிய உரையை எழுதினேன். ஜன்னல்களைத் திறப்பதில்லை, காற்று வந்தால் வாசனை கலைந்துவிடும். வாசனைச் சோப்பு போட்டவர்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் மனைவி ஆறு ஆண்டுகளாக அந்தக் கதவைத் தாண்டியதில்லை. அந்த இரண்டு நாட்களும் நன்றாகவே எழுத வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினோரு பேரும் வந்தார்கள். கதவைத் திறந்ததும் சிலர் நின்றுவிட்டார்கள். ஹோட்டல் முதலாளி கைக்குட்டையை எடுத்தார். மற்றவர்கள் பார்ப்பதைப் பார்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பீப்பாயைச் சுற்றி நின்றோம். அதன்மேலேயே கிளாஸ்களை வைத்து ஊற்றினேன். எல்லோரும் கிளாஸையும் அடுத்தவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஓர் இசை விமர்சகர் கண்களை மூடி, "துணிச்சலான முடிவு" என்றார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. 'தோல், புகை, கனிந்த மாமிசம்' என்று ஒருவர் எழுதினார். ஏதோ சொல்ல வாயெடுத்த ஒரு பல் மருத்துவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தானும் மாமிசம் என்று எழுதிக்கொண்டார். ஓர் அம்மையார் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, "இவ்வளவு ஆழத்த ஒரே நேரத்துல தாங்க முடியல" என்றார். பதினோரு பேரில் ஒருவராக வந்திருந்த நிறுவன மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. சராசரி தொண்ணூற்றாறு.

அவர்கள் போன பிறகு தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அறை வாசலிலேயே கேனை இறக்கிவிட்டார்.

"சார், உள்ள என்னமோ செத்துக் கிடக்கு."

"அது மரத்தின் வாசனை."

"மரத்துக்கு எதுக்கு சார் இத்தனை ஈ?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தார்.

என் மனைவி வந்தாள். வாசனைச் சோப்பு போட்டிருக்கிறாய், உள்ளே வராதே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஜன்னலடியில் கிடந்த கருவிப்பையைப் பார்த்தாள். "தம்பி பைய விட்டுட்டுப் போகமாட்டானே" என்றாள். பையிலிருந்து உளியை எடுத்துப் பலகையின் இடுக்கில் செருகினாள். தடுக்கப் பிடித்ததில்தான் அவள் கை முறிந்தது. மறு கையால் நெம்பினாள். பலகை வந்துவிட்டது. தண்ணீர் கேன்காரர் என்னை நிறைந்த கேனால் அடித்து வீழ்த்தி, மேலே ஏறி உட்கார்ந்தார். அவர்மேல் நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை. இந்த நுணுக்கமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியதற்கு நன்றி. திருத்தம் ஒன்றே ஒன்றுதான். நான் கொன்றேன் என்பது சரி, ஆறு அடி என்பதும் சரி, யாருடைய உதவியும் இல்லாமல் நானே செய்தேன் என்பதையும் அழுத்தமாகவே எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் 'துர்நாற்றம்' என்று ஒரு சொல் வருகிறது பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். முகரத் தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். எங்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.