தவளைப் பாடம்

கிளிவெட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். இளையவர் சொன்னார்: "நீங்கள் எங்கட வாட்ஸ்அப் குழுவில போட்ட வீடியோவில, கடைசியில ஒருத்தன் தவளையைப் பொரிச்சுச் சாப்பிடுறான், ரீச்சர்."

"அது தவளையை வெட்டி, குடல், இரைப்பை எண்டு சமிபாட்டுத் தொகுதியைக் காட்டுற பாடமெல்லோ?"

"முதல் பாதி அதுதான். நான் பிள்ளையளுக்கு முழுக்கக் காட்டிப்போட்டன். அதிபர் கூப்பிட்டு ஏசினவர்."

மூத்தவர் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "நான் கடைசிமட்டும் பாக்கேல்லை. கண்ட லிங்க் எல்லாத்தையும் ஒண்டா அனுப்பினனான்."

"அதுதான் நான் இந்தக் கிழமை ஒண்டே ஒண்டு அனுப்பினனான். முழுக்கப் பாத்து, எந்த இடத்தில நிப்பாட்ட வேணும் எண்டும் எழுதினனான்."

"ஓம், அதை எல்லா ரீச்சர்மாரும் பாத்தவை."

"உண்மையாவோ?"

"ஓம். நிப்பாட்டச் சொன்ன இடத்துக்கு அங்கால என்ன இருக்கெண்டு பாக்க."