தெரிஞ்சவங்க கடை

உக்காரும்மா. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காரு. நீ யாருன்னு சொல்ல வேணாம், காரை விட்டு எறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. நெடுஞ்சாலை மேல இருக்கிற பெரிய கடையில, துப்பாக்கி கவுண்ட்டர்ல நின்ன பொண்ணு. டெலனிதானே பேரு? ரெண்டு மாசமா ஊரே உன் பேரைத்தானே சொல்லிக்கிட்டிருக்கு.

மார்லிஸா? என் பொண்டாட்டி தபால் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கா. வந்துடுவா. அவகிட்டதான் பேசணுமா? மன்னிப்பா, எதுக்கு? ம். சரி. அவளே வரட்டும். அதுவரைக்கும் இரு. காப்பி இருக்கு, காலையில போட்டது, கசக்கும். வேணாமா? நான் குடிச்சுக்கிறேன். எனக்கு இப்பல்லாம் கசப்பு தெரியறதில்ல.

அங்க எத்தன வருஷம் இருந்த? ஒண்ணரை வருஷமா. அதுக்கு முன்னாடி? பெயின்ட் கலக்குற எடத்துலயா? அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் இங்க வர்றவங்ககிட்ட சிரிப்பேன். நேத்து வரைக்கும் சுவத்துக்குப் பெயின்ட் கலக்கிக்கிட்டிருந்த பொண்ணு இன்னிக்குத் துப்பாக்கி விக்குதுப்பா, ரைஃபிள் கேட்டா என்ன கலர்னு கேக்கும்பேன். உன்னைத்தான் சொல்லியிருக்கேன் போல. தப்பா எடுத்துக்காத. எடுத்துக்கிட்டாலும் சரிதான்.

அந்தக் கடை வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. வர்றதுக்கு முன்னாடி இந்த ஏரிக்கரைச் சுத்துல எங்கள மாதிரி நாலு துப்பாக்கிக் கடை இருந்துச்சு. இப்ப நான் ஒருத்தன். அவங்க விக்கிற வெலைக்கு எனக்கு மொத்த வியாபாரியே குடுக்க மாட்டான். ஒரு தடவ நானே போய் அங்க பத்து பெட்டி தோட்டா வாங்கிட்டு வந்து இங்க அடுக்கி வெச்சு வித்திருக்கேன், அதான் எனக்குக் கட்டுப்படியாச்சு. நாய்ச் சாப்பாடு ஒரு பக்கம், கொழந்தைக்கு டயப்பர் ஒரு பக்கம், நடுவுல தோட்டா. தள்ளுவண்டில எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஒரே பில்லு.

ஆனா மான் வேட்டை சீசன் ஆரம்பிச்சதும் பாரு, அங்க வாங்கினவன் பூராவும் இங்கதான் வந்து நிப்பான். குறி சரியா நிக்கல, தோள்ல இடிக்குது, கொஞ்சம் பாருங்கம்பான். பார்த்துக் குடுப்பேன். திட்டிக்கிட்டே குடுப்பேன். அங்க உன் அடையாள அட்டையத்தான் பார்ப்பான், இங்க நாங்க ஆளப் பார்ப்போம்னு சொல்லுவேன். எங்க அப்பா சொல்றது அது. அவர் காலத்துல ஒருத்தன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்து ரைஃபிள் கேட்டானாம். அவர் கதவைச் சாத்தி, பூட்டிட்டு, வா மீன் பிடிக்கப் போலாம்னு கூட்டிட்டுப் போயிட்டாராம். இந்தக் கதைய நான் எரநூறு பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன்.

வெண்டல் கேட்டிருக்கான். இருபது தடவையாவது கேட்டிருப்பான்.

ஆமா, மார்லிஸுக்கு ஒரே தம்பி. எனக்கு மச்சினன்னு பேரு, ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே அவன்தான் எனக்குப் பழக்கம். காகித ஆலைல ஒரே ஷிஃப்டு. முப்பத்தோரு வருஷம் ஒண்ணா வேட்டைக்குப் போயிருக்கோம். கஞ்சன். என் கடையில, என்கிட்டயே, ஒரு பெட்டி தோட்டாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவான். அக்காவைக் கட்டிக் குடுத்திருக்கோம், கழிச்சுக் குடுக்க மாட்டியாம்பான். உங்க அக்காவை வெச்சுக்கிட்டிருக்கேனே, நீதான்டா மேல போட்டுக் குடுக்கணும்பேன்.

போன வருஷம் அக்டோபர்ல அவன் பொண்டாட்டி கார்லா போயிட்டா. கேன்சர். வீட்டை வித்துட்டு சலவைக்கடைக்கு மேல ரெண்டு ரூம் எடுத்துக்கிட்டான். துப்பாக்கி பூராவும் என்கிட்டயே வித்துட்டான், அஞ்சு இருந்துச்சு. படி ஏறவே முட்டி ஒத்துழைக்கல, இனிமே காட்டுக்கு எங்க போறதுன்னான். கிறிஸ்துமஸுக்குள்ள அஞ்சும் வித்துப்போச்சு, நல்ல துப்பாக்கிங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை இங்க சாப்பிட வருவான். சாப்பிடுவான், தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போவான். முன்னாடி கழுவ மாட்டான். மார்லிஸ் அதைக் கவனிச்சா. நான் நல்லதுதானேன்னேன்.

அன்னிக்கு உன்கிட்ட என்ன கேட்டான்?

ஷாட்கன். வான்கோழி வேட்டை சீசனுக்கா. எந்தத் தோட்டான்னு கேட்டியா? ஏதோ ஒண்ணு குடுன்னானா. ம்.

உனக்கு அதுலதான் தோணுச்சா? சொல்லு, எனக்குத் தெரியணும். நாப்பது வருஷமா வேட்டையாடறவன் மாதிரி துப்பாக்கியைப் புடிச்சுப் பார்க்கறான், ஆனா எந்தத் தோட்டான்னா ஏதோ ஒண்ணுங்கறான். அது ஒண்ணு. வேற? துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்தப்புறம் ரெண்டு கையும் கவுண்ட்டர் கண்ணாடி மேல வெச்சுக்கிட்டே இருந்தானா. எடுக்கவே இல்லையா. வீட்ல யாராச்சும் இருக்காங்களா சார்னு நீயே கேட்டியா? மேனேஜர் இல்ல, இன்னிக்குக் குடுக்க முடியாது, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்ட.

மேனேஜர் இருந்தாரா? உள்ளதான் இருந்தாரா. சும்மா சொன்னியா.

இதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு? கூட யாரையாவது அனுப்பியிருக்கணும், போலீஸுக்குச் சொல்லியிருக்கணும்னா? அவன் யாருன்னே உனக்குத் தெரியாது. பேரு தெரியாது, கார்லா தெரியாது, தட்டு கழுவறது தெரியாது. மூஞ்சியைப் பார்த்து வேணாம்னுட்ட. அதுக்கு மேல என்ன பண்ணுவ.

ஊர்ல எப்படிப் பேச்சாச்சுன்னா, மரக்கடை லோவெல் அன்னிக்கு அங்க பாத்ரூம் குழாய் வாங்க வந்திருக்கான். வெண்டல் உன் கவுண்ட்டர்ல நிக்கறதைப் பார்த்திருக்கான், கையில ஷாட்கனோட. அவ்வளவுதான். மறுநாள் காலையில வெண்டல் தன்னையே சுட்டுக்கிட்டான்னு செய்தி வந்ததும் லோவெல் வாய் திறந்தான், மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. பெரிய கடையில ஒரு சின்னப் பொண்ணு வித்துட்டாளாம், அவளுக்கு ஆளைப் பத்தி என்ன தெரியும்னு. உங்க கம்பெனி உன்னை வாய் திறக்கக் கூடாதுன்னுடுச்சா? அப்படித்தான் இருக்கும். உன் கார்ல எதையோ கிறுக்கினாங்களாமே, கேள்விப்பட்டேன். அப்புறம் வேலைய விட்டுட்ட.

போலீஸ் துப்பாக்கி நம்பரை வெச்சுத் தேடியிருந்தா ரெண்டே நாள்ல தெரிஞ்சிருக்கும். தேடல. அவனே பண்ணிக்கிட்டதுன்னு ஆனப்புறம் யாரு தோண்டுவா. லோவெல் சொன்னதை எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

அடக்கம் முடிஞ்சு சர்ச்சுக்குக் கீழ சாப்பாடு போட்டாங்க. பன்றி எறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கெழங்கும். பாஸ்டரோட பொண்டாட்டி என் கையைப் புடிச்சுக்கிட்டு, உங்க கடைக்கு வந்திருந்தா அவர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு, நீங்க கதவைப் பூட்டிட்டு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போயிருப்பீங்கன்னாங்க. எங்க அப்பா கதை அவங்களுக்கும் தெரியும். சுத்தி இருந்தவங்க எல்லாரும் தலைய ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். சாண்ட்விச் வாயில இருந்துச்சு.

அதுலேருந்து கடையில கூட்டம்தான். பெரிய கடைக்கே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டு வர்றாங்க. அறுபது டாலர் கூட ஆனாலும் பரவால்ல, தெரிஞ்சவங்க கடைன்னு வர்றாங்க. எங்க அப்பா காலத்துலகூட இப்படி விக்கல. நான் ரசீது போட்டுக் குடுக்கறேன், வாங்கிட்டுப் போறாங்க. ஒண்ணும் தோணறதில்ல. சாப்பிடறேன், தூங்கறேன், நல்லாவே தூங்கறேன். அழுகையெல்லாம் மார்லிஸ்தான்.

உன்கிட்ட அவன் எவ்வளவு நேரம் நின்னான்? இருபது நிமிஷமா. என்கிட்ட பதினஞ்சுதான்.

ஆமா. இங்கதான் வந்தான். உன்கிட்டேருந்து நேரா இங்க.

மொதல்ல இங்கதான் வந்திருக்கான், காலையில. நான் பல் டாக்டர்கிட்ட போயிட்டேன், கடை பூட்டியிருந்துச்சு. அதனாலதான் அங்க வந்தான். நீ குடுக்காம அனுப்பினதும் திரும்ப வந்தான். நாலு மணி இருக்கும், எனக்கு வாய் பாதி மரத்துப்போய் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தான். மச்சான், அந்தப் பொண்ணு என்னை வீட்ல யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குதுடான்னான். நானும் சிரிச்சேன். மரத்த வாயோட சிரிச்சேன், எச்சில் ஒழுகுச்சு, அதைப் பார்த்து அவன் இன்னும் சிரிச்சான். அக்டோபர்லேருந்து அவன் சிரிச்சு நான் பார்க்கல. பெயின்ட் கலக்கறவளுக்கு ஆளைப் பத்தி என்னடா தெரியும்னேன். என் மச்சினனுக்கு இல்லன்னு சொல்ல அவ யாருன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஆளு தேறிட்டான்னு நெனச்சேன். வான்கோழி வேட்டைக்குப் போலாம்னு அவனே கேக்கறான், முட்டியைப் பத்திப் பேச்சில்ல. மே மாசம் ரெண்டு பேரும் போலாம்டான்னேன். போலாம்னான். எந்தத் தோட்டா வேணும்னேன். என்கிட்டயும் அதேதான், ஏதோ ஒண்ணு குடுன்னான். என் மேல இருக்கிற நம்பிக்கைன்னு எடுத்துக்கிட்டேன். பேரமே பேசல. நான் சொன்ன வெலையைக் குடுத்தான். அதைக்கூட, பாவம், பெரிய கடைக்குப் போயிட்டு வந்த குத்த உணர்ச்சின்னு நெனச்சு நானே நாப்பது டாலர் கழிச்சேன்.

துப்பாக்கி வாங்கறவங்க எழுத வேண்டிய அரசாங்க ஃபாரம் எழுதினான். அவன் மேல கேஸ் ஏதாவது இருக்கான்னு ஃபோன் பண்ணிக் கேட்டேன், உடனே குடுக்கலாம்னுட்டாங்க. அவன் மேல ஒரு பார்க்கிங் அபராதம்கூட கெடையாது. போறப்ப, மார்லிஸ்கிட்ட சொல்லாத, அவ கவலப்படுவான்னான். அக்காவுக்கு எதுக்குத் தெரியணும், ஆம்பளைங்க விஷயம்னேன். வாசல் வரைக்கும் போய் வண்டில நானே தூக்கி வெச்சேன், அவன் முட்டிக்காக.

மார்லிஸுக்கு இன்னும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் சொல்லிடலாம்னு எழுந்திருக்கறேன். அப்புறம் யாராச்சும் கடைக்கு வந்துடறாங்க.

இந்தா, அந்த ஃபாரம். ரெண்டு மாசமா இந்த டிராயர்லயே மேலாப்புல இருக்கு, மத்ததெல்லாம் உள்ள பெட்டில. தேதி பாரு. கீழ அவன் கையெழுத்து, அதுக்குப் பக்கத்துல என்னுது. உன் ஃபோன்ல படம் எடுத்துக்கோ. யார்கிட்ட வேணா காட்டு. லோவெல்கிட்ட காட்டு, பாஸ்டரம்மாகிட்ட காட்டு. நேராப் புடி. எழுத்து தெரியணும்.

எடுத்தாச்சா? சரி.

வண்டி சத்தம் கேக்குது, அவதான். எழுந்திருக்காத, உக்காரு. நீ ஒண்ணும் பேச வேணாம், மன்னிப்பெல்லாம் கேக்காத. நான் பேசறேன். நீ சும்மா இங்க இரு, போதும். நீ இருந்தா நான் பாதில வேற எதையாவது பேச ஆரம்பிச்சுட மாட்டேன்.

வா மார்லிஸ். அதெல்லாம் கீழ வெச்சுட்டு இப்படி வந்து உக்காரு. இந்தப் பொண்ணு வெண்டலுக்குத் துப்பாக்கி குடுக்கல.