மைக் இல்லாத ஆலோசகர்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் நிலையத் தலைவர் அவர்களே, அவர் தட்டினால் மட்டும் கைதட்டும் அலுவலர்களே, கால் வலிக்க வந்து கடைசி வரிசை பிடித்த பெரியோர்களே, வானொலியைச் சத்தமாக வைத்தே வீட்டு வேலை முடித்த தாய்மார்களே, வணக்கம்!

என் தங்கையின் கணவருக்கு இன்று பாராட்டு விழா. தலை நரைக்கும்வரை ஞாயிறு காலை இசை நிகழ்ச்சி நடத்தியவருக்குப் பதவி உயர்வு! மூத்த கலை ஆலோசகராம். தனி அறை உண்டு, தலை சாய்க்க நாற்காலி உண்டு, தண்ணீர்க் கூஜா உண்டு. மைக் மட்டும் இல்லை. நிகழ்ச்சியும் இல்லை. மீனைக் கரையில் தூக்கிப் போட்டு, "இனி நீ நனையவே வேண்டாம்" என்று வாழ்த்துகிற மனசு யாருக்கு வரும்?

அப்படி என்ன பெருங்குற்றம் செய்தார்? பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தார்!

போன மாதம் நேரடி ஒலிபரப்பு. வயலின் அம்மா வாசிப்பின் உச்சத்தில் இருந்தபோது கம்பி அறுந்தது. வேறொருவர் என்றால் வானிலை படித்திருப்பார், பல்பொடி விளம்பரம் போட்டிருப்பார். இவரோ, "கம்பி அறுந்துவிட்டது. புதிதாக மாட்டுகிறார்கள். கேட்டுக்கொண்டிருங்கள்" என்றார், மைக்கை வயலினுக்கு அருகே நகர்த்தினார், வாயை மூடிக்கொண்டார்.

முறுக்காணி முனகியது. கம்பி கீச்சிட்டது, இறங்கியது, மெல்ல ஏறியது. தங்கை வீட்டு வானொலி முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்; அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணே, பேசாதீங்க, ஏறுது!" சுருதி சேர்ந்ததும் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து "அப்பாடா!" என்று ஒரு குரல். யார் தெரியுமா? பாட்டுச் சத்தம் கேட்டாலே படாரென்று கதவைச் சாத்தும் தையற்காரர்!

மறுநாள் தலைவர் இவரை அழைத்தார்.

"என்னய்யா, ஊரே கேக்குற நேரத்துல கிரீச் கிரீச்னு?"

"சுருதி சேக்குறதும் சங்கீதம்தான் சார்."

"அதை வீட்டுல முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. ஆலாபனையும் எதுக்கு? நேரா பாட்டுக்கு வந்துட வேண்டியதுதானே?"

அடடா, அறிவென்றால் அறிவு! அரிசி களைவானேன், அடுப்பு மூட்டுவானேன், ஆக்கி இறக்குவானேன்? நேராக ஏப்பம் விட்டுவிடலாமே!

யாரங்கே, "சீக்கிரம் முடி பெருசு" என்பது? தம்பி, நீங்கள் நிலையத்து ஆள்தானே? அவசரத்திலேயே தெரிகிறது.

என் மாப்பிள்ளை வீட்டில் உப்பு கேட்கவும் முன்னுரை சொல்பவர். குளிக்கப் போனாலும் "அடுத்ததாக" என்று அறிவித்துவிட்டே போவார். அப்பேர்ப்பட்டவர் ஆலோசகர் ஆனதிலிருந்து வாய் திறக்கவில்லை. "மாப்ளே, எதுத்துக் கேட்டா என்ன?" என்றேன்.

"வேலை போனாப் போவுது மச்சான். கேக்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகவும் விடலியே" என்றார்.

இன்றைய அழைப்பிதழைப் பார்த்தேன். தலைவர் உரை, துணைத்தலைவர் உரை, கட்டடத்துக்கு வெள்ளையடித்த ஒப்பந்தக்காரர் உரை. பாராட்டப்படுபவருக்கு மட்டும் உரை இல்லை! குடும்பத்தின் சார்பில் எனக்குப் பத்து நிமிடம். அதுவும் நேரடி ஒலிபரப்பாம்!

தலைவரே, ஏன் கையை ஆட்டுகிறீர்கள்? பாதி நேரம் இன்னும் எனக்கே சொந்தம். என் சொத்தை என் தங்கை வீட்டுக்குக் கொடுக்க எவரைக் கேட்க வேண்டும்?

தாராளமாக நேரம் தந்த தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. மாப்ளே, எழுந்து வாங்க. இந்தாங்க மைக். அவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. என் வணக்கத்தையும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்க!