சாமிப் போத்தல்

ஈப்போவில் அந்தக் காலத்தில் நல்ல ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாடு. கல்யாணத்துக்கு எடுத்தவர்கள் லேசில் திருப்பித் தரமாட்டார்கள்; தந்தாலும் உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும். எங்கள் குழுவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். அர்ச்சுனன் நினைவு விழாவுக்கு மலர் போடுகிறார்கள், என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். "கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதான் அண்ணே. நீங்க எழுதுனாதான் சரியா இருக்கும்" என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன், வேண்டாததை வெட்டிக்கொள்ளட்டும்.

என் பெயர் சன்னாசி. உறுமி அடிப்பவன். பாட்டுகளை எழுதியதும் நான்தான். மைக்கைப் பிடித்து நின்றவன் அர்ச்சுனன். கீபோர்டும் கேசட் பதிவும் ஸ்டானிஸ்லாஸ். ஆக மூன்று பேர். நானும் அர்ச்சுனனும் சித்தியவான் போகும் சாலையில் ஒரே தோட்டம், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. அவன் தும்மினால் சுவருக்கு இந்தப் பக்கம் என் அம்மா திட்டுவாள். தோட்டத்தில் வேலை குறைந்ததும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அவனுக்கு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. எனக்கு மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அடிக்கிற வேலை.

எண்பத்து நான்கில் ஸ்டானிஸ்லாஸின் சித்தப்பா மகன் லூமுட் கடற்படையில் இருந்தான். கப்பலில் எங்கேயோ போய்விட்டு ஒரு கேசட்டோடு வந்தான். புந்தோங்கில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டோம். அதில் ஒருவன் பாடவே இல்லை. தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே போனான், கோபமாகவும் கிண்டலாகவும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அர்ச்சுனன்தான் சொன்னான்: "டேய், இது நம்ம கிராணி பெரட்டுல பேரு கூப்புடுற மாதிரில்ல இருக்கு!"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியும் முன்னே கணக்கர் கிராணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதையே எங்கள் முதல் பாட்டாக்கினேன். உறுமியை நான் தேய்க்க, ஸ்டானிஸ்லாஸ் தகரத்தைத் தட்டிப் பதிவு செய்த தாளத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட, அர்ச்சுனன் மூச்சு விடாமல் கூப்பிடுவான்:

மாரியம்மா, ஆளு வந்தாச்சு
மாயாண்டி, காலு வீங்கிப்போச்சு
ராமையா, ரெண்டு நாளா காணோம்
ராமையாவ இனிமே கூப்புட வேணாம்

இதைக் கேட்டு அழாத கிழவிகள் இல்லை. குழுவுக்குத் தகரக்கூரை பாய்ஸ் என்று பெயர் வைத்தோம். பையன்கள் அட்டையை விரித்துத் தலைகீழாகச் சுற்றி ஆடினார்கள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு செத்துப்போனவர்களைப் பற்றி ஒரு பாட்டு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதைப் பற்றி ஒரு பாட்டு. பிறகு சம்சு பாட்டு.

சம்சு பாட்டைப் பற்றி நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் அப்பா ஐயாவு அந்த மலிவுச் சாராயத்தால்தான் செத்தார். அவரை வாய்க்காலில் இருந்து தூக்கி வந்தவன் நான். அர்ச்சுனன் அன்று என் கூடவே நின்று, இந்தச் சனியனை வாழ்நாளில் தொடமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். கடைசிவரை காப்பாற்றினான். அந்தப் பாட்டில் குடிகாரனைக் குத்திக்காட்ட ஓர் அடி வைத்திருந்தேன்: "ஊத்து ஊத்து இன்னும் ஊத்து, உன் பொண்டாட்டி தாலிய பாத்து ஊத்து." தலை குனிந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

அவர்கள் ஆடினார்கள். கையில் போத்தலோடு ஆடினார்கள். "ஊத்து ஊத்து" வந்ததும் ஒருவர் வாயில் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். தோட்டத்தில் சம்சு விற்ற பிச்சைமுத்து என் தோளில் கை போட்டு, "தம்பி, அந்த ஊத்து பாட்ட இன்னொருக்கா போடுங்கலா. யாவாரம் அதுலதான் ஓடுது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை; நன்றியோடுதான் சொன்னார். என் அப்பா செத்ததை வைத்து நான் எழுதியது அவருக்கு விளம்பரமாகிவிட்டது.

அர்ச்சுனனுக்கு அது பெரிதாகப் படவில்லை. "விடு மச்சான். ஆடுறாங்கல்ல, ஆடட்டும்லா. ஒரு நாளைக்கு காதுல விழும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டு அவனுக்குக் கைதட்டல், எனக்கு அப்பா. காதில் விழும் நாளை நானே ஏற்பாடு செய்வது என்று முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டறையில் நாற்காலிக் கால்களுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டே, அவசரமில்லாமல் யோசித்தேன்.

தோட்டத்து முனியாண்டிக்கு வருடத்துக்கு ஒரு பூசை, உச்சி வெயிலில். நாங்கள் எங்கே இருந்தாலும் அதற்குப் போய்விடுவோம். சாமிக்குச் சுருட்டும் சம்சுப் போத்தலும் படைப்பது வழக்கம், போத்தல் எப்போதும் பிச்சைமுத்துவின் உபயம். காலையிலேயே கொண்டுவந்து சூலத்தடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பூசாரி சின்னையா மேல் சாமி வரும். வந்தால் போத்தலை வாங்கி ஒரு வாய் மட்டும் குடிக்கும். மிச்சம் பிரசாதம், உபயக்காரரும் அவர் கூட்டாளிகளும் மரத்தடியில் உட்கார்ந்து முடிப்பார்கள்.

சாமிப் போத்தலைத் தொட யாருக்கும் துணிவு கிடையாது. அதனால் காவலும் கிடையாது. உறுமிக்காரன் மட்டும் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும், நெருப்பு மூட்டித் தோலுக்குச் சூடு காட்ட வேண்டும். எண்பத்தேழாம் ஆண்டு பூசைக்கு நான் அப்படி முன்னால் போனேன். பட்டறையில் வார்னிஷ் கரைக்கிற ஸ்பிரிட்டைக் கொண்டுபோயிருந்தேன். அதற்கு மேல் விவரம் மலருக்கு வேண்டியதில்லை. கண் போகும், ஒன்றிரண்டு உயிர் போனாலும் போகும் என்று தெரியும். சின்னையாவின் ஒரு வாயையும் நினைத்துப் பார்த்தேன். அவருக்கு வயதாகியிருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ஸ்டானிஸ்லாஸ் புதுப் பாட்டுக்கு உறுமிச் சத்தம் வேண்டும் என்று மோட்டார் சைக்கிள் சீட்டில் ரெக்கார்டரை வைத்து ஓட விட்டான். அர்ச்சுனன் கற்பூரத் தட்டோடு சின்னையா பக்கத்தில் நின்றான். நான் அடிக்கத் தொடங்கினேன். சாமி வரவில்லை. சின்னையா வேர்க்க விறுவிறுக்க நின்றார், உடம்பு அசையவே இல்லை. "நல்லா அடி சன்னாசி" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். முனியாண்டி அடியைத் தெரிந்த வகையிலெல்லாம் அடித்துப் பார்த்தேன். பதற்றத்தில் கை தானாக மாறி, மேடையில் நாங்கள் ஆரம்பிக்கும் அடிக்குப் போய்விட்டது. அர்ச்சுனன் வாயைத் திறப்பதற்காக மூன்று வருடமாக நான் அடித்துவந்த அடி. அதைக் கேட்டால் தூக்கத்திலும் அவன் உடம்பு எழுந்து நிற்கும். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தட்டு கீழே விழுந்தது. அர்ச்சுனன் மேல் சாமி வந்துவிட்டது. அதுவரை அவன் மேல் வந்ததே இல்லை. கண் செருகி, நாக்கைக் கடித்து, அவனுடையதே அல்லாத குரலில் கேட்டான்: "எங்கடா என் போத்தலு?"

சாமி கேட்டால் மறுக்கக்கூடாது. பிச்சைமுத்து போத்தலை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அவன் வாங்கினான்.

உறுமியை நிறுத்தினால் சாமி மலையேறிவிடும். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். என் குச்சி நின்றிருந்தால் அர்ச்சுனன் அப்படியே மயங்கி விழுந்திருப்பான், போத்தல் மண்ணில் போயிருக்கும். நான் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் நான் நிறுத்தவில்லை. வந்த சாமியை நடுவில் அனுப்புவது பாவம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் போத்தலை இறக்கவே இல்லை. பிச்சைமுத்துவுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

மறுநாள் அவன் கண் போனது. "மச்சான், எல்லாம் வெள்ளையா இருக்குலா. பால் வாளிக்குள்ள தலைய விட்ட மாதிரி" என்றான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன குடித்தான் என்று கேட்டார். அவன் அம்மா ராக்காயி அத்தை "சாமி குடிச்சிச்சு ஐயா" என்றாள். நான் அப்போது அவளுக்கு மைலோ வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்த பிறகும் டாக்டரிடம் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அர்ச்சுனன் என் கையைத் தேடிப் பிடித்தான். அவனுக்குப் பூசையில் நடந்தது எதுவும் நினைவில்லை.

"நா குடிச்சேனா மச்சான்?"

"இல்லடா. சாமிதான் குடிச்சிச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் முகம் தெளிந்தது. நான் அவனுக்குச் செய்த கடைசி உதவி அது. அன்றிரவே அவன் செத்துப்போனான்.

பிச்சைமுத்துவைப் போலீஸ் பிடித்தது. தான் எதையும் கலக்கவில்லை என்று முனியாண்டி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறார். பெண்டாட்டி பிள்ளைகள் தாப்பாவில் உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் கேசட் பேராக் முழுக்கப் போனது. சம்சு பாட்டுக்கு இப்போது யாரும் ஆடுவதில்லை. "ஊத்து ஊத்து" வரும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்துகிறார்கள். நான் எழுதியபோது கேட்க நினைத்த அமைதி அதுதான்.

அன்றைய ஒலிப்பதிவை ஸ்டானிஸ்லாஸ் பத்திரமாக வைத்திருக்கிறான். நினைவு விழாவில் போடப்போகிறான். போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினான். அர்ச்சுனன் போத்தல் கேட்கும் குரல், பிறகு கூட்டத்தின் சத்தம், அதற்கடியில் என் உறுமி. "இந்த எடத்துல ஏன்டா இவ்ளோ வேகமா அடிச்ச?" என்று கேட்டான் ஸ்டானிஸ்லாஸ். அவன் வேறு சாமி கும்பிடுகிறவன், அவனுக்கு விளங்கவில்லை. உறுமி தெரிந்த எவர் கேட்டாலும் விளங்கும். வந்த சாமி இறங்காமல் இருக்க அடிக்கிற அடி அது. போத்தலை அவன் வாங்கின உடனே நான் வேகம் கூட்டியிருக்கிறேன். வாயில் வைத்தபோது இன்னும் கூட்டியிருக்கிறேன்.

ஆகவே எழுதிவிடுகிறேன். போத்தலில் கலந்தது நான். அர்ச்சுனன் கையில் அது போனதைக் கண்ட அந்த நொடியில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. குடிகாரன் குடித்துச் செத்தால் நாலு பேர் காரியத்துக்கு வந்து அங்கேயும் குடிப்பார்கள். குடிக்காதவன் செத்தால்தான் பாட்டு காதில் விழும். அவன் குடித்து முடிக்கட்டும் என்றுதான் அடித்தேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை.

அவன் என்னை விட்டுப் போகவில்லை. பட்டறையில் ஸ்பிரிட் டின்னைத் திறந்தால் என் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள், பாட ஆரம்பிக்கும் முன் அவன் இழுப்பானே, அதே மாதிரி. பெரட்டுப் பாட்டை அடிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு குரல் லேசாகப் பதில் சொல்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அடிக்கிறேன்.

வருடா வருடம் அவன் திதிக்கு ராக்காயி அத்தை என்னைத்தான் கூப்பிடுகிறாள். உறுமி அடித்தால் அவள் மேல் அவன் வருகிறான். அவன் குரலிலேயே பேசுகிறான். தண்ணீர் கேட்கிறான், கண் தெரியவில்லை என்று அழுகிறான், அம்மாவைச் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறான். உன்னை இப்படிச் செய்தது யாருடா என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அவன் உறுமிச் சத்தம் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். வாயைத் திறக்கப் போவான். நான் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுவேன், அவனும் மலையேறிவிடுவான். இதுவரை ஒரு தடவைகூட அவன் என் பெயரைச் சொன்னதில்லை. நடந்ததில் அவனுக்கும் சம்மதம்தான் போலிருக்கிறது.