இரண்டாம் எண் அறை

என் கால்சட்டையில் இருக்கும் சேற்றை நீங்கள் இருவரும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். ஹாம்ப்ஷயரில் நவம்பர் மாதத்தில் யாருடைய கால்சட்டையிலும் சேறு இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறது, சார்ஜென்ட் ஓக்லி; குறிப்பெடுக்கும் திரு. ப்ரெண்டிஸுடையதிலும் இருக்கிறது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவிலிருந்து தொடங்கினால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

ரோவன் டைட் எங்கே என்பது உங்கள் கேள்வி. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டை விட்டுப் போனவன் செவ்வாய்க்கிழமை ஆகியும் திரும்பவில்லை. அவன் மனைவி பிப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாவம், கோட்டின் பொத்தான்களைக் கூட மாற்றிப் போட்டிருக்கிறார். அவர் விஷயத்துக்கும் வருகிறேன்.

எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். விடுமுறை நாட்களில் கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுப்பேன். மூடிப்போன ஆலை, ஆஸ்பத்திரி, பதுங்கு குழி, எதுவானாலும் சரி. என்னைப் போல நாட்டில் பலர் இருக்கிறார்கள். எங்களைத் திருடர்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் எங்களைப் போல ஒழுங்கானவர்களைப் பார்க்க முடியாது. பூட்டை உடைக்க மாட்டோம். வேலியில் ஏற்கெனவே இடைவெளி இருந்தால்தான் நுழைவோம். உள்ளே ஒரு ஆணியைக் கூட இடம் மாற்ற மாட்டோம். மூடியிருந்த கதவைத் திறந்து போனால், திரும்பும்போது மூடிவிட்டு வருவோம். கண்டதைக் கண்டபடி விட வேண்டும். எனக்கு இது மதம் மாதிரி.

இடத்தின் பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம். சொன்னால் மறுவாரமே செம்புக் கம்பி திருடுகிறவர்கள் வந்து நிற்பார்கள். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொய்ப்பெயர் வைத்துக்கொள்வோம். இந்த இடத்துக்கு 'வெண்ணெய்ப் பண்ணை' என்று பெயர் வைத்தது நான்தான். ரோவன் தன் மனைவியிடமும் அந்தப் பெயரைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நீங்கள் மூன்று நாட்களாக மாவட்டத்து மாட்டுப் பண்ணைகளில் எல்லாம் தேடிக்கொண்டிருந்ததாக வானொலியில் கேட்டேன். சிரிக்கவில்லை. உங்களுக்காக வருத்தப்பட்டேன்.

வெண்ணெய்ப் பண்ணை என்பது காட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் பழைய விமான என்ஜின் சோதனை நிலையம். இருங்கள், உட்காருங்கள் சார்ஜென்ட். அது சின்ன இடமல்ல, ஒரு கிராமம் அளவுக்கு இருக்கும். எங்கே என்று தெரியாமல் போனால் நாள் முழுக்கத் தேடுவீர்கள். நானே சொல்கிறேன்.

பல வருடங்களாக அங்கே போய்வருகிறேன். ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய நீலக் குழாய்கள் கட்டடத்துக்குக் கட்டடம் ஓடுகின்றன. அவற்றின் முடிவில் பெரிய இரும்பு அறைகள். வானத்தின் மிக உயரத்தில் காற்று எவ்வளவு மெலிந்து, எவ்வளவு குளிர்ந்து இருக்குமோ, அதைத் தரையிலேயே உண்டாக்கி, ஜெட் என்ஜினை அதற்குள் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசி என்ஜினை நிறுத்தியவர்கள் கோப்பைகளைக் கூடக் கழுவாமல் போய்விட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. காலை வெயில் பத்து மணிவாக்கில் அழுத்தம் காட்டும் முள்மானிகளின் மேல் விழும்போது, எனக்குத் தேவாலயத்தில் வராத உணர்வு அங்கே வரும். அந்த இடத்தை நான் நேசித்தேன். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ரோவனை அங்கே அழைத்துப் போனவனும் நான்தான். கெட்டிக்காரன். கலகலப்பானவன். என்னைத் 'தலைவரே' என்று கூப்பிடுவான். கிண்டலா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

போன வசந்த காலத்தில் அவன் எடுத்த ஒரு படம் ஞாயிறு இதழில் வந்தது. பிறகு லண்டனில் ஒரு கண்காட்சியில் சுவர் அளவுக்குப் பெரிதாக வைத்தார்கள். கட்டுப்பாட்டு அறை, வெயில், சுவிட்சுப் பலகையின் மேல் ஒரு சிவப்புக் கையுறை. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதுபோல் இருக்கும். ஜனங்கள் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானே பார்த்தேன்.

அந்தக் கையுறை கீழ்த்தளத்துப் படிக்கட்டில் கிடந்தது. எத்தனையோ முறை அதை அங்கேயே படம் எடுத்திருக்கிறேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து வைத்திருக்கிறான்.

கண்காட்சி வாசலில் வைத்தே கேட்டேன். அவன் ஒயின் கோப்பையோடு சிரித்தான்.

"ஒரு கையுறைதானே தலைவரே. படிக்கட்டுல கிடந்தா என்ன, மேல கிடந்தா என்ன? அதுக்கென்ன காலா வலிக்கப்போகுது?"

"அது பொய்யான படம், ரோவன்."

"பொய்யா? உள்ள போய்ப் பாருங்க, ஆளாளுக்கு அழுறாங்க. உங்க நிஜப் படத்தைப் பார்த்து யாரு அழுதா, சொல்லுங்க பாப்போம். உங்க வீட்டுப் பூனையாவது?"

சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான். விளையாட்டாகத்தான் சொன்னான், அவனுக்கு மனசில் ஒன்றும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபம் அந்தக் கையுறைக்காக. பொறாமை என்று பிப்பா உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். அது சரியல்ல. நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இல்லை.

பிறகு இன்னொரு செய்தி. படங்களைப் புத்தகமாகப் போடப் போகிறானாம். இடத்தின் உண்மைப் பெயர், வரைபடம், நுழையும் வழி எல்லாவற்றோடும். எப்படியும் இரண்டு வருடத்தில் இடித்துவிடுவார்கள், அதற்குள் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். எல்லோரும் என்றால் யார், சார்ஜென்ட்? ஆளுக்கொரு கையுறையோடு வருகிறவர்கள்தானே?

புத்தகத்துக்கு ஒரு படம் குறைகிறது என்றான். இரண்டாம் எண் அறையின் உட்புறம். அங்கிருப்பதிலேயே பெரிய இரும்பு உருளை அதுதான். கதவு ஒரு முழத் தடிமன். நாங்கள் யாரும் அதைத் திறந்ததில்லை, நெம்புகோல் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நான் போய் எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். முந்தின வாரம் தனியாகப் போய் விட்டேன். அத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் எதையாவது தொட்டேன் என்றால் அது ஒன்றுதான். எண்ணெய் விடுவது நகர்த்துவது ஆகாது.

கதவு திறந்ததும் உள்பக்கத்தையும் பார்த்தேன். உள்ளே கைப்பிடி கிடையாது. என்ஜினை வைத்துப் பூட்டுகிற அறைக்கு உள்ளே எதற்குக் கைப்பிடி? இதை ரோவனிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். அவன் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் காரில்தான் போனோம். காவலாளி டெரிக் பகலில் தன் நாயோடு வெளிவேலியைச் சுற்றுவதோடு சரி. சத்தம் கேட்டால்தான் கட்டடத்துக்குள் வருவார். ரோவன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தபோது ஒரு குழந்தையைப் போல வாயைப் பிளந்தான். "தலைவரே, இதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றான். கேமரா முக்காலியை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினான். அவன் வேலை செய்வதைப் பார்ப்பது அழகுதான். கோணத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடுவான். எனக்கு அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

நான் வெளியே நின்றேன். கீழே கிடந்த ஒரு தகரத் தகடு என் காலில் பட்டுச் சரிந்தது. இரண்டு முறை பட்டது. கட்டடம் முழுக்க அதிர்ந்தது. சற்று நேரத்தில் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது.

எங்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. காவலாளி வந்தால் ஒருவர் ஒளிந்துகொள்வார், ஒருவர் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டவர் 'தனியாகத்தான் வந்தேன்' என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசல்வரை நடந்துவிடுவார். ஒளிந்திருப்பவர் மூச்சுக்கூட விடக்கூடாது. இருவருடைய படங்களும் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. எத்தனையோ பேர் இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றியிருக்கிறார்கள். ரோவனுக்காகவும் நான் இரண்டு முறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"நீ உள்ளயே இரு. நான் போய் மாட்டிக்கறேன்" என்றேன்.

"கதவைச் சாத்திடுங்க தலைவரே, அவன் டார்ச் அடிச்சுப் பார்ப்பான்" என்றான். கவனியுங்கள், கதவைச் சாத்தச் சொன்னது அவன். சாத்தினேன். நெம்புகோலை இறக்கினேன். நாங்கள் வரும்போது அது இறங்கித்தான் இருந்தது.

டெரிக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மறுபடியும் நீங்கதானா சார்? இந்த வயசுல வீட்டுல கால்நீட்டி உக்கார மாட்டீங்களா?" என்றார். அவருடைய நாய் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய் இரண்டாம் எண் அறையின் கதவடியில் மூக்கை வைத்து முனக ஆரம்பித்தது.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"நான் தனியாத்தான் வந்தேன், டெரிக்."

"இது சும்மா முனகுற நாய் இல்லையே. நிஜமா யாரும் இல்லையே?"

"நரி ஏதாவது குழாய் வழியா பூந்திருக்கும்."

அவர் கதவை முஷ்டியால் குத்தி, "யாருப்பா உள்ள?" என்று கத்தினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரோவன் வழக்கத்தை அவ்வளவு சரியாகக் கடைப்பிடித்து நான் பார்த்ததே இல்லை. கையுறை விஷயத்திலும் அப்படி இருந்திருக்கலாம்.

டெரிக் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரவு உணவுக்கு மீனும் உருளைக்கிழங்கும்.

சனிக்கிழமை பிப்பா வீட்டுக்கு வந்தார். "நெவில், அவன் உங்ககூடத்தானே வந்தான்? நீங்க கூட்டிட்டுப் போற இடம் எதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இடத்தின் பெயரை நாங்கள் சொல்வதில்லை என்று விளக்கினேன். ரோவன் வேறு யாருடனாவது போயிருப்பான் என்றும் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். என் முகத்தை அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்படிப் பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கிறேன், சார்ஜென்ட். போகலாம். கிழக்கு வாசல் வழியாகப் போனால் இரண்டாவது பெரிய கட்டடம். நெம்புகோலை மேலே தூக்கி இடதுபக்கம் தள்ள வேண்டும். எண்ணெய் விட்டிருப்பதால் கஷ்டமாக இருக்காது.

ஓடிவிட்டார். பிப்பா என் பெயரைச் சொல்லி நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்காவிட்டால், நானே இந்த வாரக் கடைசியில் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள், திரு. ப்ரெண்டிஸ்.  பரவாயில்லை, கேளுங்கள்.

ஆமாம், மறுபடி போனேன். ஞாயிற்றுக்கிழமையும் நேற்றும். கட்டுப்பாட்டு அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் பருவம் இது. அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் பழைய இடத்திலேயே வைத்தேன். பிறகு இரண்டாம் எண் அறைக்கு முன்னால் முக்காலியை நிறுத்தினேன். நீலக் கதவு, துரு, கூரை ஓட்டையிலிருந்து சாய்வாக விழும் வெயில். வெளிச்சம் சரியாக வருவதற்காக ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தேன். இதுவரை நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். அதைப் பார்த்தால் யாரும் அழுவார்கள். அதில் எதையும் நான் இடம் மாற்றவில்லை.

கதவைத் திறக்கத் தோன்றவில்லையா என்று கேட்கிறீர்கள். மூடியிருந்த கதவு அது, திரு. ப்ரெண்டிஸ். திறந்தால் படம் போயிருக்கும்.

அவனைக் கொன்றேன் என்று எழுதாதீர்கள், அடித்துவிடுங்கள். அது உண்மையல்ல. நேற்று மதியம் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு நான் கிளம்பும்போது கூட, அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.